அவள் அப்பாவின் படகு

பிரான்சின் மேற்கு மூலையில், கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த பிரிட்டனியில் மெரியாதெக் என்றொரு கவிஞர் இருந்தார். கூரை போடுகிறவரின் மகன். பதினேழு வருடம் ஊர் ஊராக நடந்து, பிரெத்தோன் மொழிப் பாட்டுகளைப் பாடுகிறவர்களின் வாயிலிருந்தே கேட்டு எழுதியவர். சொந்தக் கவிதைகள் இரண்டு புத்தகம். ஜனங்களின் பாட்டுகள் மூன்று புத்தகம். பாரிசில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். மறுநாள் பன்றிச் சந்தையில் ஒரு தரகரைப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் கூல்வென். வயது அறுபத்து மூன்று. குருவைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். குருவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நாற்பது வருடம் அந்த வட்டாரத்தின் பள்ளிக்கூட வாத்தியார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மட்டும்தான் பேசலாம். வீட்டு மொழியான பிரெத்தோனில் ஒரு சொல் வந்துவிட்டால், கயிற்றில் கட்டிய மரச்செருப்பு கழுத்தில் ஏறும். மாட்டிவிட்டது கூல்வெனின் கை. மெரியாதெக்கின் கழுத்திலும் ஏறியிருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பழைய மாணவரின் புத்தகத்தைக் கூல்வென் வாங்கிப் புரட்டினார். நாற்பதாம் பக்கத்தில் அவருடைய அம்மாவின் பாட்டு இருந்தது. மாவு பிசையும்போது பாடுவாள். தீவில் அகப்பட்டுக்கொண்ட அண்ணனை மீட்க, மூடுபனியில் தனியே படகு வலித்துப் போன பெண்ணின் கதை. மூன்று கண்ணிகள்தான் அச்சாகியிருந்தன. 'மிச்சம் கிடைக்கவில்லை' என்று கீழே எழுதியிருந்தது. கூல்வென் அந்தப் பக்கத்தை விட்டு நெடுநேரம் நகரவில்லை.

மறுநாள் மெரியாதெக்கின் கதவைத் தட்டினார்.

"என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்வீர்களா?"

"முழங்கால் எப்படி இருக்கிறது? நிறைய நடக்க வேண்டும்" என்றார் மெரியாதெக்.

நான்கு மாதம் நடந்தார்கள். மெரியாதெக் தனியாகப் போன வீடுகளில் பாட்டு வந்தது. கூல்வெனும் கூடப் போனால் பேச்சுகூட நின்றுபோனது. வாத்தியார் தலை தெரிந்ததும், பேரன் எடுத்தவர்கள்கூட நேராக நிமிர்ந்து உட்கார்ந்து பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்கள்.

ஒரு நாள் கூல்வெனுக்குத் தாங்கவில்லை.

"ஜனங்களைப் பாடவைப்பது எப்படி?"

"நாளைக் காலை சலவைத் துறைக்கு வாருங்கள்" என்றார் மெரியாதெக்.

ஊற்று நீரைக் கல் கட்டித் தேக்கிய துறை அது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக மண்டியிட்டு, மர மட்டையால் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்தவள் அசெனோர். நாற்பது வயது இருக்கும். அந்தப் படகுப் பாட்டு முழுவதும் அவளுக்குத் தெரியும் என்று போன வாரம்தான் மெரியாதெக்குக்குத் தகவல் கிடைத்திருந்தது. ஒன்பது வருடமாக அவர் தேடிய பாட்டு.

அசெனோர் கூல்வெனைப் பார்த்தாள். மட்டையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குப் பாடுறேன் மெரியாதெக் ஐயா. வாத்தியார் போகட்டும்."

"ஏன்?" என்றார் மெரியாதெக்.

"எனக்கு அப்போ எட்டு வயசு. தண்ணி வேணும்னு நம்ம பாஷையில கேட்டேன். கழுத்தில மாட்டிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் நிக்க வச்சார். அதோட நான் பள்ளிக்கூடம் போகலை. இன்னிக்கு வரைக்கும் என் பேரை எழுதத் தெரியாது." அவள் கூல்வென் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டது உங்களுக்குப் புரியலையா?"

மற்ற மட்டைகளும் நின்றன.

"புரிந்தது" என்றார் கூல்வென். "என் அம்மாவும் அதே பாஷைதான்."

"பிறகு?"

"பிரெஞ்சு வந்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள் என்று நினைத்தேன். தப்பு. தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும்."

கூல்வென் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நீங்கள் போகலாம்" என்றார் மெரியாதெக். "அதற்கு முன்னால் உங்கள் அம்மா பாட்டைப் பாடிவிட்டுப் போங்கள்."

"நானா? இவர்கள் முன்னாலா?"

"நீங்கள்தான்."

கூல்வென் நின்றபடியே பாடினார். குரல் கரகரத்தது. ராகம் எங்கோ போய் எங்கோ வந்தது. அந்த மொழியில் 'அவன் அப்பா', 'அவள் அப்பா' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டாம் அடியில் கூல்வென், 'அவன் அப்பாவின் படகை அவிழ்த்தாள்' என்று பாடினார்.

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். துறை முழுக்கச் சிரிப்பு பரவியது. கூல்வெனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் மூன்றாம் அடிக்குப் போனார்.

"நிறுத்துங்க!" என்றாள் அசெனோர். "அவன் எங்கேயிருந்து வந்தான்? ஊரான் வீட்டுப் படகையா அவுத்தா? அவளைத் திருடி ஆக்கிட்டீங்களே!"

"எப்படிச் சொல்ல வேண்டும்?"

அவள் சொன்னாள். கூல்வென் திருப்பிச் சொன்னார்.

"நாக்கு பல்லில படணும். மறுபடியும்."

சொன்னார்.

"மறுபடியும்."

ஐந்தாம் தடவை சரியாக வந்தது. "ம்" என்றாள். "அடுத்த கண்ணி?"

"மூன்றுக்கு மேல் எனக்குத் தெரியாது."

அவள் மட்டையை எடுத்துக் கல்லில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு நான்காம் கண்ணியைப் பாடினாள். அவர் திருப்பிப் பாடினார். ஐந்தாவதைப் பாடினாள். பனி வந்தது, பாறை வந்தது, அண்ணனின் குரல் வந்தது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மெரியாதெக் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். படகு கரை சேரும்போது முப்பத்திரண்டு கண்ணிகள் ஆகியிருந்தன.

அசெனோர் ஈரத் துணிகளைக் கூடையில் அள்ளினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கூல்வெனும் கேட்கவில்லை.

"பன்னிரண்டாவது கண்ணி இன்னும் உங்க வாயில நிக்கலை" என்றாள். "புதன்கிழமை வாங்க."

இருவரும் மேட்டுப் பாதையில் ஏறினார்கள். கூல்வென் பன்னிரண்டாவது கண்ணியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வளைவு திரும்பியதும் நின்றார்.

"முதல் மூன்று கண்ணிகள் உங்களுக்குப் பிழையில்லாமல் தெரியும். நீங்களே பாடியிருக்கலாம். என்னை ஏன் பாடவைத்தீர்கள்?"

"நான் பாடியிருந்தால் கேட்டிருப்பார்கள்" என்றார் மெரியாதெக். "நீங்கள் பாடியதால் சொல்லிக்கொடுத்தார்கள்."