புற்றைத் தோண்டிய மன்னன்

கேளுங்கள், கேளுங்கள்! காது உள்ளவர்கள் காதால் கேளுங்கள், தூக்கம் வருகிறவர்கள் தலையையாவது ஆட்டுங்கள். மழைக்கும் மன்னனுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த ஒரு காலத்தில், கருங்கானம் என்ற நாட்டை அடலேறன் என்ற மன்னன் ஆண்டுவந்தான்.

வயல் வெடித்தது, கிணறு வற்றியது, களஞ்சியம் காலியானது. குடிமக்கள் ஒரு வேளைக் கஞ்சிக்கு வந்துவிட்டார்கள். மன்னன் மட்டும், பாவம், மூன்று வேளைதான் சாப்பிட்டான்.

அந்த நாட்டில் முதல் இடி இடித்து மழை விழுந்ததும் கறையான் புற்றுகளின் மேல் காளான் குடை குடையாகப் பூக்கும். புது நெல் விளையும்வரை ஏழை பாழைகளுக்கு அதுதான் சோறு, அதுதான் குழம்பு.

"மழை வராவிட்டால் என்ன? காளானை நான் வரவழைக்கிறேன்!" என்றான் மன்னன். ஆகா, என்ன மூளை!

இடிதானே வேண்டும் என்று புற்றுகளைச் சுற்றி முரசு அறையச் சொன்னான். அறைந்தவர்களுக்குக் கை வீங்கியதுதான் மிச்சம். மழைதானே வேண்டும் என்று மக்களின் குடிதண்ணீரைப் பிடுங்கிப் புற்றில் ஊற்றச் சொன்னான். வெயில் அதைக் குடித்து ஏப்பம் விட்டது. அப்புறம்தான் அவனுக்கு மகா யோசனை வந்தது.

"வெளியே வருவது உள்ளே இருந்துதானே வருகிறது? தோண்டுங்கள்!"

தோண்டினார்கள். உள்ளே குடையும் இல்லை, காம்பும் இல்லை. தேனடை மாதிரி ஒரு கட்டி, அதன்மேல் வெள்ளை இழைகள், கடுகளவு வெள்ளை மணிகள். "சீ, வெறும் பூஞ்சணம்!" என்று மன்னன் முகம் சுளித்தான். எல்லாவற்றையும் வெயிலில் வீசினார்கள். மாலைக்குள் சருகாகிவிட்டது.

அடப்பாவி, அதுதானய்யா காளான்! வறட்சி வந்தால் அது குடை விரித்து வெயிலோடு மல்லுக்கு நிற்பதில்லை. இழையாய்ச் சுருங்கி, புற்றின் குளிர்ச்சியில், கறையான்களின் காவலில் ஈரத்துக்குக் காத்துக் கிடக்கும். அதற்கு இருந்த பொறுமையில் அரைக்கால் பங்கு மன்னனுக்கு இருந்திருக்கலாம். இல்லையே! தலைநகரைச் சுற்றியிருந்த புற்றெல்லாம் தரைமட்டம்.

அடுத்து மண்வெட்டிப் படையோடு மூங்கில்பட்டிக்குப் போனான். அங்கே புற்றுக்குப் புற்று மஞ்சளும் குங்குமமும் பளபளத்தன. ஊர்த்தலைவி வேம்பாயி குறுக்கே நின்றாள். படையைப் பார்த்தும் அவள் வாய் அடங்கவில்லை.

"தோண்டாதீங்க மகாராசா, நாகம் குடியிருக்கு."

"எல்லாப் புற்றிலுமா?"

"சந்தேகம்னா நீங்களே கையை விட்டுப் பாருங்க. ராசா கைன்னா அதுக்கும் ஒரு மரியாதை இருக்கும்ல?"

போர்க்களத்தில் புலி என்று புலவர்கள் பாடிய மன்னன் தன் கையைப் பார்த்தான், புற்றின் ஓட்டையைப் பார்த்தான், தன் குதிரையைப் பார்த்தான். "தெய்வக் குற்றம் நமக்கெதற்கு? திரும்புங்கள்!" என்றான்.

சில வாரத்தில் வானம் மனம் இரங்கியது. இடித்தது, கொட்டியது. தலைநகரத்தார் கூடையோடு ஓடினார்கள். அங்கே சேறுதான் பூத்திருந்தது. அரண்மனை அடுப்பும் அணைந்தது. பசி என்றால் என்னவென்று மன்னனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலில் பிள்ளைகள் அழுததைக் கேட்டு வெட்கமும் வந்தது. அவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு மூங்கில்பட்டிக்கு நடந்தான்.

அங்கே புற்றெல்லாம் வெள்ளைவெளேரென்று காளான். பெண்கள் அடிமண் கலையாமல் திருகித் திருகிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பாயி முதலில் பிள்ளைகளுக்குப் பரிமாறினாள், பிறகு பெரியவர்களுக்கு, கடைசியாக மன்னனுக்கு.

வழித்து நக்கிவிட்டு மன்னன் மெல்லக் கேட்டான்: "நாகம் எங்கே, தாயே?"

"நாகமும் இல்லை, ஒண்ணும் இல்லை. தலையை வாங்கினாலும் சரி, சொல்லிடுறேன். உள்ளே உசிரு தூங்குது, தோண்டாதீங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா மகாராசா? கடிக்கும்னு சொன்னதாலதானே கேட்டீங்க!"

மன்னன் தலை குனிந்தான். இலையில் இன்னும் கொஞ்சம் கேட்கத்தான் நினைத்தான், வாய் வரவில்லை.

ஆகவே, கேட்டவர்களே: வறட்சியில் ஒடுங்கிக் கிடப்பது செத்துப்போவதில்லை, பொறுக்கத் தெரியாதவன் கை பட்டால்தான் சாகிறது.