நாப்பது பொந்து

முள்ளெலி சடையாண்டிக்குக் குளத்தங்கரைக்குக் கீழேதான் வளை. பொண்டாட்டி, ரெண்டு குட்டி. கரை நின்னாத்தான் குடும்பம் நிக்கும்.

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். மழைக்கு முன்னாடி, வளை வாசல் எத்தனை சாணோ அத்தனை கூடை மண்ணு கரைக்குப் போட்டாகணும். ஒரு சாணுக்குக் குறைஞ்ச பொந்துன்னா வேண்டாம். பாவம், எறும்பு எங்கே கூடை சுமக்கும்?

மேட்டுல துரைக்கண்ணு நரிக்கு நாப்பது சாண் வாசல் வச்ச கிழங்குக் கிடங்கு. காட்டுல பாதிப் பேரு கிழங்கைப் போட்டு அதுல பங்கு வாங்கியிருந்தாங்க. சடையாண்டிக்கும் ஒரு பங்கு. அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கும், என்னமோ காட்டையே கிரயம் பண்ணிட்டாப்புல!

அந்த வருஷம் வாசல் அளக்கற உடும்பு கிடங்குக்கு வந்துச்சு. பெரிய வாசலைக் காணோம். மண்ணைப் போட்டு அடைச்சிருக்கு. சுத்திலும் நாப்பது சின்னப் பொந்து. வாலை வச்சு வச்சுப் பாத்துச்சு. ஒண்ணுகூட ஒரு சாண் தேறல.

"இதுக்குள்ள நீ எப்படிய்யா நுழைவே?"

நரி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "நான் எங்கண்ணே நுழையறேன்? எல்லாம் எலிங்க வீடு. நான் சும்மா காத்து வாங்க வந்தவன்"னுச்சு.

அந்த எலிங்க உள்ளே போய்க் கிழங்கு எடுத்துக் குடுக்க நரிகிட்டக் கூலிக்கு நிக்கறதுங்க. உடும்புக்கும் தெரியும். ஆனா வழக்கம் வாசலைத்தானே அளக்கச் சொல்லுது? வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

பங்குக்காரங்க கூட்டத்துல நரி, மண்ணு சுமக்கற கூலி மிச்சம், அதனால ஆளுக்கு ஒரு கிழங்கு கூடுதல்னு அறிவிச்சுச்சு. மொதல்ல கை தட்டுனவன் சடையாண்டி. தன் ஒத்தைக் கூடையைச் சுமந்த முதுகு வலி அவனுக்கு இன்னும் விடல. அப்பவும் தட்டுனான்.

வீட்டுக்கு வந்ததும் பொண்டாட்டி கேட்டா: "நரி போடாத நாப்பது கூடை கரையில எந்த எடத்துக்கு?"

"நம்ம வளைக்கு நேர் மேலதான். அதை விடு, கிழங்கைத் தின்னு."

மழை மூணு நாள் விடல. கரை சரியா அந்த எடத்துலயே பிச்சுக்கிச்சு. புருஷனும் பொண்டாட்டியும் வேரைப் புடிச்சு ஏறிட்டாங்க. குட்டிங்க ரெண்டும் வரல. கூடுதல் கிழங்கோட மிச்சம் மட்டும் மிதந்து வந்துச்சு.

சடையாண்டி மேட்டுக்கு ஓடி, நரி கால்ல விழுந்து கதறுனான். நரி பல்லுக் குத்திக்கிட்டே சொல்லுச்சு: "பொந்து தோண்டுனது நான்தான் தம்பி. கை தட்டுனது யாரு?"

ஊருக்குச் சேர வேண்டியதை ஒருத்தன் சாமர்த்தியமா ஏமாத்தும்போது நமக்கும் பங்கு கெடைக்குதேன்னு கை தட்டுனா, அந்த ஏமாத்தோட வெலையை நம்ம வீடுதான் குடுக்கும்.