சிவப்புக் கோடு

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவந்த முத்துப்பேச்சியின் வரைபடத்தை ஆறாவது முறையாகச் சிவப்பு மையால் அடித்தார் துறைத்தலைவர் ஞானசிகாமணி.

"பொம்பளப் பிள்ளைக்கு மெஷின் எதுக்கும்மா? குறையே இல்லாம ஒண்ணு கொண்டா. இல்லேன்னா பரீட்சைக்கு வராதே."

மறுநாள் வகுப்பில் அவள் ஒரு பழைய தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். குறுக்கே கோடு கிழித்தார். "இதுவும் குப்பை!"

"பின்பக்கம் பாருங்க சார்."

அங்கே நூற்றுக்கு நூறு. கீழே அவருடைய கையெழுத்து, ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி.

"தவறிப்போன எங்க அண்ணன் வரைஞ்சது, சார். அவன் கைபட்டதுன்னு வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு."

வகுப்பே எழுந்து பார்த்தது. அவர் அவளுடைய வரைபடத்தை வாங்கிக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை அவள் அண்ணனின் தாளை ரப்பரால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு போகவில்லை. அவன் போட்ட பென்சில் கோடுகள்தான் அழிந்தன.