ஒருமுறை மட்டும் ஓடிய தட்டுகள்

வடிவம்மையிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது தொலைத்துவிட்டு வருவார்கள். தாணுமூர்த்தி எதையும் தொலைக்காமல் வந்தவர்.

வடிவம்மையின் மடம் பாபநாசம் மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றை வீடு. அவருக்கு வயது முப்பத்தொன்பது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற தாணுமூர்த்திக்கு அறுபத்தேழு. வெள்ளிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் வருவார். முட்டிவலி உண்டு என்பதால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து உபதேசம் கேட்பார். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு கேள்வியோடு வந்தார்.

"அம்மா, எதை முதல்ல போடணும்?"

"அடுப்பிலயா?" என்று கேட்டார் வடிவம்மை.

அடுப்பில் இல்லை, ரெக்கார்டு பிளேயரில். தாணுமூர்த்தி ஆதியிலிருந்து சொன்னார்.

எண்பதிலிருந்து எண்பத்து நாலு வரை அவர் இருநூற்று நான்கு இசைத்தட்டுகள் வாங்கினார். தட்டு ஓட ஓட ஊசி அதைத் தேய்க்கும் என்பது அவர் படித்த இயற்பியல். ஆகவே வாங்கிய அன்றே ஒருமுறை ஓடவிட்டு, கேசட்டில் பதிந்துகொள்வார். தட்டை உறையிலிட்டு, அந்த உறையை இன்னொரு பிளாஸ்டிக் உறையிலிட்டு அலமாரியில் நிறுத்திவிடுவார். அட்டையின் பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஒருமுறை ஓடியது என்று அர்த்தம். இருநூற்று நான்கு அட்டைகளிலும் ஒரே கோடுதான். கேட்பதற்குத்தான் கேசட் இருந்ததே. பதினைந்து வருடத்தில் கேசட்டுகளைப் பூஞ்சை தின்றது. தட்டுகள் புது மணம் மாறாமல் இருந்தன.

அந்த ஒரு தடவை ஓடும்போதும் மின்விசிறி சுற்றக் கூடாது. வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, நடந்தால் ஊசி துள்ளும். அவர் மனைவி உலகம்மாள் மாவு ஒட்டிய கையோடு அடுக்களை வாசலிலேயே அசையாமல் நின்றிருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் சாவகாசமாகக் கேட்கலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்.

இந்தத் தை மாதம் உலகம்மாளுக்கு வலது காது போயிற்று. இடது காதும் ஆடிக்கு மேல் தாங்காது என்றார் மருத்துவர். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவள், அந்தத் தட்டையெல்லாம் ஒருவாட்டி போடுங்களேன் என்றாள். ஆகட்டும் என்றார். அது நான்கு மாதத்துக்கு முன்பு.

நான்கு மாதமும் தாணுமூர்த்தி சும்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்து புது ஊசி வரவழைத்தார். மேசை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மேசையின் ஒரு கால் அரை நூல் அளவு தாழ்ந்திருந்ததால் தச்சரை அழைத்தார். பிறகு எந்தத் தட்டுக்கு இரண்டாம் கோடு போடுவது என்று பட்டியல் எழுதினார். பட்டியலில் அடித்தலும் திருத்தலும் கூடிப்போனதால் இப்போது அதை நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்கு இப்ப எவ்வளவு கேக்குது?" என்று கேட்டார் வடிவம்மை.

"கத்திச் சொன்னா கேக்கும், அம்மா."

"கத்துறியளா?"

"இல்ல, சைகைதான். மிச்சமிருக்கிற காது தேஞ்சிரக் கூடாதுல்லா."

வடிவம்மை அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டைக் கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எதைக் கொண்டுபோவது என்று தாணுமூர்த்தி ஆறு நாள் யோசித்தார். ஏழாம் நாள் காலை உலகம்மாள் அலமாரியிலிருந்து, சாப்பாட்டுத் தட்டை உருவுவதுபோல் ஒன்றை உருவி நீட்டினாள். நாதஸ்வரத் தட்டு. நாயனம் என்றால் பாதியாவது தனக்குக் கேட்கும் என்றாள். பெருவிரலை அட்டையிலிருந்து எடுக்கும்படி அவர் சைகை காட்டினார்.

"என்னையும் இப்படி ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தா காது நல்லா இருந்திருக்கும்," என்றாள் அவள். காது மந்தமானவர்களின் குரலில்தான் சொன்னாள். எதிர்வீட்டுச் சன்னல் திறந்து மூடியது.

தட்டைத் துவைத்த வேட்டியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் நின்றார். அந்தச் சதுரப் பொட்டலத்தைச் சட்டம் போட்ட படம் என்று நினைத்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். குனிந்து மெல்லக் கேட்டார்.

"யாரு, அம்மாவா?"

எங்கிருந்து விளக்குவது என்று தெரியாமல் தாணுமூர்த்தி தலையை ஆட்டினார்.

"எப்ப?"

"எண்பத்திரண்டுல."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அம்பாசமுத்திரம் வரை யாரும் தாணுமூர்த்தியை இடிக்கவும் இல்லை.

மடத்தின் பின்கட்டில் வடிவம்மை பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாதி முடிந்திருந்தது. எண்ணெய் தடவிய கைதான், ஆனாலும் விரல் இடுக்கெல்லாம் பிசின். கொண்டு வந்ததைக் காட்டச் சொல்லி அந்தக் கையை நீட்டினார்.

அம்மா கை கழுவிவிட்டு வரலாம், அவசரமில்லை என்று தாணுமூர்த்தி பணிவாகச் சொன்னார். தட்டை விளிம்பில் மட்டும், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடிக்க வேண்டும் என்றார். மூச்சு மேலே படாமல் பார்ப்பது இன்னும் உத்தமம் என்றார். சொல்லிக்கொண்டே உறையிலிருந்து அதை வெளியே எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று பிடித்துக் காட்டினார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அதன்மேல் வெயில் பட்டது. அந்தக் கறுப்பில் அவருடைய முகம், மூக்குக்கண்ணாடியோடு, தெளிவாகத் தெரிந்தது.

வடிவம்மை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வலது கையை நன்றாக விரித்து, தட்டில் தெரிந்த அந்த முகத்தின் மேல் வைத்து அழுத்தினார். திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு விரலாகப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

தாணுமூர்த்தி தட்டோடு போய் வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"பாழாப் போச்சே, அம்மா."

"ஆமா. ஊசி இதுமேல ஓடுமா?"

"ஓடும். கரகரன்னு இரைச்சல் வரும்."

"நாயனம்?"

"அதுவும் வரும். இரைச்சலோட."

"அவுகளுக்கு இரைச்சல் கேக்காது, அண்ணாச்சி."

பிசின் தடத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தாணுமூர்த்தி அதை விரட்டவில்லை. பதினொரு மணிப் பேருந்தைப் பிடித்தால் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேரலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தட்டைத் துடைக்காமலே வேட்டியில் சுற்றிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"மிச்சம் இருநூத்தி மூணு இருக்கே, அம்மா?"

வடிவம்மை அறுக்காத பாதிப் பழத்தை வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, அவர் தோளில் ஏற்றிவிட்டார்.

"இதை அவுககிட்டக் குடுத்து உரிக்கச் சொல்லுங்க. கையில எண்ணெய் தடவ வேண்டாம்னு சொல்லுங்க."