தெக்க யாருமில்ல

படுத்துக்கிட்டியா? காலை உள்ள இழுத்துக்கோ, பனி விழுது. இது சிரிக்கிற கதை இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன். கேக்கணும்னா "ம்" போடணும். நீ "ம்" போடலன்னா தூங்கிட்டன்னு நான் நிறுத்திருவேன்.

ம்.

ஒரு கடக்கரையில ஒரு கஸ்பார் இருந்தான். கெட்டவன்னு நினைச்சுறாத. ஞாயித்துக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே கோயில்ல நிப்பான். குடிக்க மாட்டான். பொண்டாட்டி பிலோமிய, பிள்ளைங்கள ஒரு வார்த்தை வைய மாட்டான். அவனுக்குச் சொந்தமா ஒரு சின்னக் கட்டுமரம். நாலு மரத்துண்டச் சேத்துக் கட்டுனது, ஒத்த ஆளே தள்ளிக்கிட்டுப் போயிரலாம். அதுலதான் தினமும் கடலுக்குப் போவான், வருவான்.

அதே ஊர்ல சந்தியாகு, இன்னாசின்னு அண்ணன் தம்பி. அவங்களுக்கு ஒரு வள்ளம். அம்மா பேரு மதலேன். புருசன் இல்லாம ரெண்டு பயலையும் வளத்து ஆளாக்குனவ.

கஸ்பாருக்கும் சந்தியாகுக்கும் ஒரு மனத்தாங்கல். என்னன்னா, ஒரு மழைக்காலம் பூரா கஸ்பாரும் பிலோமியும் வீட்டுக்குள்ள உக்காந்து ஒரு வலை பின்னுனாங்க. விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு அவளுக்கு. அந்த வலைய முதல் நாள் கடல்ல விரிச்சப்போ, சந்தியாகு வள்ளத்து நங்கூரம் அதுல மாட்டி, சர்ர்ருன்னு நடுவால கிழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கஸ்பார் கரையில வந்து கேட்டான். சந்தியாகு ஒரு வார்த்தை "தப்புதாண்டா"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. "கடலு உன் வீட்டு வாசலாடா? மாட்டத்தான் செய்யும்"னான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்பு கஸ்பார் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. அப்புறம் அது வெளிய வரவே இல்ல. வலைய ஒட்டுப்போட்டுட்டான், அதை ஒட்ட முடியல. பூசையில பரலோக மந்திரம் சொல்லும்போது, மன்னிக்கிறதப் பத்தி ஒரு வரி வரும்ல, அந்த வரிக்கு மட்டும் வாய மூடிக்குவான். பக்கத்துல நிக்கிற பிலோமிக்குக்கூடத் தெரியாது. மத்த எல்லா வரியும் சத்தமா சொல்லுவான்.

கேக்குறியா?

ம்.

அப்போ ஒரு நாள். கச்சான்னு ஒரு காத்து உண்டு. கரையிலேருந்து கடலுக்குள்ள தள்ளுற காத்து. அது திடீர்னு கெளம்பிருச்சு. ஹோன்னு ஒரே இரைச்சல். மதியம் இருக்கும். கஸ்பார் ஊருக்குத் தெக்க மீன்பிடிச்சுக்கிட்டு இருந்தான். போதும் சாமின்னு துடுப்ப எடுத்துக் கரையப் பாக்க வலிச்சான். சளக்... சளக்... அப்போ ஒரு சத்தம்.

"ஓஓய்ய்..."

திரும்பிப் பாத்தான். வள்ளம் ஒண்ணு கவுந்து, வயித்தக் காட்டிக்கிட்டுக் கிடக்கு. அது மேல ரெண்டு பேரு பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் தலைத்துண்ட அவுத்து வீசுறான்.

"கஸ்பாரண்ணே... கஸ்பாரண்ணேய்..."

இன்னாசி குரல்.

கஸ்பாருக்கு நல்லாத் தெரியும். அவன் கட்டுமரத்துல ஒருத்தன ஏத்திக்கிட்டு, இன்னொருத்தன் பக்கத்துல தொங்கிக்கிட்டே கரை சேந்துரலாம். கஷ்டம்தான், முடியாதது இல்ல. அவன் அப்பா அப்படி ஆளக் கொண்டாந்ததப் பாத்திருக்கான்.

துடுப்பு கையில அப்படியே நின்னுச்சு.

சாத்தான் கொம்பும் வாலுமா வருவான்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. அப்படி வந்தா யாரு கிட்ட சேத்துக்குவாங்க? அவன் நம்ம குரல்லயே பேசுவான். மெதுவா, நல்லது சொல்ற மாதிரி. "இந்தக் காத்துல நீ போனா மூணு பேரும் போயிருவீங்க. கரைக்குப் போ. பெரிய வள்ளத்தோட ஆள அனுப்பு. அதுதான் புத்தி." அப்படித்தான் கஸ்பாருக்குள்ள கேட்டுச்சு. அதுக்கு அடியில, ரொம்ப அடியில, இன்னொண்ணும் கேட்டுச்சு. "கொஞ்ச நேரம் தவிக்கட்டுமே. கடலு இப்ப யாரு வீட்டு வாசல்?"

கஸ்பார் மரத்தத் திருப்பிட்டான். முதுகுக்குப் பின்னால இன்னாசி கூப்புட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

அப்போ அவன் கொல்லணும்னு நினைக்கல. கரைக்குப் போனதும் சொல்லிரணும்னுதான் வலிச்சான். சத்தியமா அப்படித்தான் நினைச்சான்.

கரையில ஆளுங்க கூடி நின்னாங்க. சூசையப்புன்னு ஒரு பெரியவரு ஓடியாந்து மரத்தப் பிடிச்சாரு.

"சந்தியாகு வள்ளம் இன்னும் வரல. நீ பாத்தியாடா?"

இப்பச் சொல்லணும். வாயத் தொறந்தான். அப்போதான் தோணுச்சு. "பாத்தேன்"னா அடுத்து என்ன கேப்பாங்க? "பாத்துட்டு ஏண்டா விட்டுட்டு வந்த?" அத்தனை பேரு மூஞ்சியும் அவனையே பாக்குது.

"பாக்கல"ன்னான்.

அது முதல் தடவை.

வீட்டுக்குப் போனான். பிலோமி சோத்தப் போட்டு வச்சா. கை சோத்துல இருக்கு, வாய்க்குப் போகல. அவ பாத்துக்கிட்டே இருந்தா.

"ஏங்க, கடல்ல ஏதாச்சும் பாத்தீங்களா?"

இவ பொண்டாட்டிதான, இவகிட்ட சொல்லிரலாம். இவ ஓடிப்போய் நாலு பேருகிட்ட சொல்லுவா, இன்னும் வெளிச்சம் இருக்கு. எல்லாம் தெரியுது அவனுக்கு.

"என்னத்தப் பாக்க? பேசாம இரு"ன்னு தட்டத் தள்ளிவிட்டான். டணங்குன்னு போய் சொவர்ல விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி அவன் அந்த வீட்டுல சோத்தத் தள்ளுனதே இல்ல.

அது ரெண்டாவது.

அப்புறம் வாசல்ல ஒரு நிழல். மதலேன். தலை விரிஞ்சு கிடக்கு, கால்ல ஈர மணலு. அவ அழல. ரொம்ப அமைதியா கேட்டா.

"மக்கா, கஸ்பாரு. நீ தெக்கேருந்துதான வந்த? தேடுறதுக்கு வள்ளம் எடுக்கப் போறாங்க. தெக்க போகவா, வடக்க போகவான்னு ஒருத்தருக்கும் தெரியல. தெக்க நீ யாரையும் பாக்கலன்னா வடக்க போவாங்க. உன் வார்த்தையத்தான் நம்பிப் போறாங்க. நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு, சாமி."

ம் சொல்லு.

ம்... அவன் சொல்லிட்டானா?

"தெக்க யாருமில்ல, பெரியம்மா"ன்னு சொன்னான்.

வள்ளமெல்லாம் வடக்க போச்சு. இருட்டுற வரைக்கும் வடக்கயே தேடுனாங்க. கஸ்பாரும் கூடப் போனான். இல்லாத இடத்துல, எல்லாரையும் விடச் சத்தமாக் கூப்புட்டான். "சந்தியாகு... இன்னாசி..."ன்னு.

ஒரு பொய்யி தனியா இருக்காதுடி. அதுக்குச் சோறு போடணும், துணி போடணும், துணைக்கு இன்னொண்ணக் கூட்டியாரணும்.

அப்புறம் அவங்க செத்துட்டாங்கன்னு ஊரே முடிவு பண்ணி, கோயில்ல துக்கமணி அடிக்கிறதுக்குக் கயித்தப் பிடிச்ச நேரத்துல, ஒரு மாட்டு வண்டி வந்துச்சு. கடக் கடக்னு. தெக்க தூரத்து ஊர் மீன்காரங்க, வள்ளத்தோட அவனக் கடல்ல கண்டு கரைசேத்தவங்க, ஓட்டிட்டு வந்தாங்க. அதுல சந்தியாகு. உதடு வெடிச்சு, தோலெல்லாம் உப்புல உரிஞ்சு, கண்ணு மட்டும் இருக்கு. மதலேன் வண்டிக்குள்ள பாத்தா. இன்னொரு ஆள் இல்ல. வண்டியச் சுத்தி வந்து பின்னாடியும் பாத்தா.

"ராத்திரி பூரா என் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாம்மா"ன்னான் சந்தியாகு. "விடியும்போது கை விட்டுப் போச்சு."

இன்னாசி உடம்பு கிடைக்கவே இல்ல. வெறும் மண்ணுல ஒரு சிலுவைய நட்டாங்க.

சூசையப்பு கேட்டாரு. "தெக்கதான் கிடந்தீங்களா? அந்தப் பக்கம் ஒருத்தனும் வரலியா? ஒருத்தனும் பாக்கலியா?"

கூட்டத்துக்கு நடுவுல கஸ்பார் நின்னான். சந்தியாகு அவன் மூஞ்சியப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

"இல்ல"ன்னான் சந்தியாகு. "யாரும் வரல."

கூட்டம் கலைஞ்சுது. கஸ்பார் தப்பிச்சுட்டான். அவன நடுத்தெருவுல இழுத்துப்போட்டு அடிச்சிருந்தாக்கூட அன்னைக்கு ஒரு வாய் சோறு எறங்கியிருக்கும். எறங்கல.

மறுநாள் காலையில கஸ்பார் சந்தியாகு வீட்டுக்குப் போனான். அவன் பாயில கிடந்தான்.

"ஏன் சொல்லல?"

சந்தியாகு சொவரப் பாத்துக்கிட்டே பேசுனான். "சொன்னா உன்ன அடிச்சே கொன்னுருவாங்க. எங்கம்மாவுக்கு ஒரு சாவு போதும்."

"என்ன மன்னிச்சுட்டியா?"

"இல்ல. அதை என்கிட்ட கேக்காத." அப்புறம் சொன்னான், "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ திரும்பிப் போனப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு, நீ வரமாட்டன்னு. என் தம்பிக்குப் புரியல. 'கஸ்பாரண்ணன் ஆளக் கூட்டியாரத்தான் போகுது, பாரு, இப்ப வந்துரும்'னான். ராத்திரி பூரா அதையேதான் சொன்னான். கை விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கூட."

கஸ்பார் எந்திரிச்சு வெளிய வந்தான்.

நேரா கோயிலுக்குப் போனான். பங்குச்சாமியார்கிட்ட முழங்கால் போட்டு எல்லாத்தையும் சொன்னான். வலையிலேருந்து ஆரம்பிச்சு, சிரிப்பு, காத்து, மூணு பொய், எல்லாம். சாமியார் வயசானவரு. கண்ணத் தொறந்து அவனப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு.

"ஆண்டவர் உன்னத் தள்ளமாட்டாரு. அது அவர் பாடு. ஆனா நீ பொய் சொன்னது மதலேன்கிட்ட. அவ இன்னும் அதை நம்பிக்கிட்டு இருக்கா. அங்க போகாம இங்க மட்டும் வந்தா எப்படி?"

மதலேன் கடக்கரையில உக்காந்து தெக்க பாத்துக்கிட்டு இருந்தா. கஸ்பார் அவ முன்னாடி மணல்ல உக்காந்து சொல்லிட்டான். பட்டப்பகல். அலை வருது, போகுது.

அவ கேட்டா, "அவன் கூப்புட்டானா?"

"கூப்புட்டான்."

"என்னன்னு?"

"கஸ்பாரண்ணேன்னு."

அவ ரெண்டு கையாலயும் மணல அள்ளுனா. மூஞ்சியில எறியப் போறான்னு அவன் கண்ண மூடிக்கிட்டான். எறியல. மணலு விரலிடுக்குல தானா ஒழுகிப்போச்சு.

"ஊருக்கு நான் சொல்லமாட்டேன்"னா. "நீ சொல்லு. என் பையன் உனக்காகச் சொன்ன பொய்ய அவன் தலையிலேருந்து எறக்கு."

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஜனங்க எந்திரிக்கும்போது கஸ்பார் பீடத்துப் படிக்கிட்ட போய் நின்னான். சொன்னான். பிலோமி முக்காட்ட மூஞ்சி மேல இழுத்துக்கிட்டா. சூசையப்பு அவன் பக்கத்துல வந்து, அவன் காலடியில காறித் துப்பிட்டு வெளிய போனாரு. அடிக்க வந்தவங்களச் சந்தியாகு குறுக்க நின்னு தடுத்தான். தடுத்தானே தவிர கஸ்பாரத் திரும்பிப் பாக்கல.

அதுக்கப்புறம் ஒருத்தரும் அவன் மரத்துக்குக் கை குடுக்கல. அவன் பிள்ளைங்களோட யாரும் விளையாடல. பிலோமி ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே அவன்கூடப் பேசாம சமைச்சுப் போட்டா. நீ பாவத்தச் சொல்லிட்டா எல்லாம் கழுவுன தட்டு மாதிரி ஆயிரும்னு நினைக்காத. உள்ள ஒண்ணு லேசாகும். வெளிய எல்லாம் கனமாகும்.

முழிச்சிருக்கியா?

ம்.

அப்போ ஒரு காலையில கதவு டொக் டொக்னு. சந்தியாகு நிக்கிறான்.

"வள்ளத்துக்கு ரெண்டு பேரு வேணும். எனக்கு இப்ப ஆளில்ல. உன்கூட யாரும் வரமாட்டாங்க. வா."

கஸ்பார் போனான். இன்னாசி உக்காந்த இடத்துல உக்காந்தான். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. "இழு", "விடு", "போதும்", அவ்வளவுதான். அப்படியே காலம் போச்சு. மழை வந்துச்சு, வெயில் வந்துச்சு. மதலேன் கரைக்கு வருவா, மகனப் பாப்பா, கஸ்பார் நிக்கிற பக்கம் தலையத் திருப்ப மாட்டா.

ஒரு நாள் கடல் கொஞ்சம் முரடா இருந்துச்சு. வலை இழுக்கும்போது கஸ்பார் கால்ல கயிறு சுத்திருச்சு. தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள. கயிறு உள்ள இழுக்குது. மேல வந்தான், முங்குனான், மறுபடி மேல வந்தான். சந்தியாகு வள்ளத்துல நிக்கிறான். கையில துடுப்பு. நீட்டல.

கஸ்பார் அவன் கண்ணப் பாத்தான். அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு உலகத்துல வேற யாருக்கும் தெரியாது, இவனுக்குத் தெரியும். இவன் கூப்புடல. வாய் வரைக்கும் வந்துச்சு, கூப்புடல.

அப்புறம் துடுப்பு வந்துச்சு.

வள்ளத்துக்குள்ள கிடந்து கஸ்பார் தண்ணியக் கக்குனான். சந்தியாகு தள்ளி உக்காந்து நடுங்கிக்கிட்டு இருந்தான். தண்ணியில விழுந்தவன விட இவன்தான் அதிகமா நடுங்குனான்.

"விட்ரலாம்னு நெனச்சேன்"னான்.

"பாத்தேன்"னான் கஸ்பார்.

"அன்னைக்கு உன்னால எப்படித் திரும்பிப் போக முடிஞ்சுதுன்னு எனக்குப் புரியவே இல்ல. நான் வேற மாதிரி ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குப் புரிஞ்சுபோச்சு." மூஞ்சியத் துடைச்சுக்கிட்டான். "புரியாமலே இருந்திருக்கலாம்."

அப்புறம் ரெண்டு பேரும் சேந்து வலிச்சுக் கரைக்கு வந்தாங்க. மதலேன் நின்னா. கஸ்பார் நனைஞ்ச கோழி மாதிரி நடுங்குறதப் பாத்து, "என்ன ஆச்சு"ன்னு மகன்கிட்ட கேட்டா. சந்தியாகு ஒண்ணையும் மறைக்கல. துடுப்ப நீட்டாம நின்னதையும் சொல்லிட்டான்.

அவ கேட்டுட்டு வீட்டுக்குப் போனா. போனவ திரும்பி வந்தா, கையில ஒரு காஞ்ச வேட்டி. இன்னாசியோடது. அதை முதல் தடவையா கஸ்பார் மூஞ்சியப் பாத்து நீட்டுனா.

"கட்டிக்க"ன்னா.

மன்னிச்சுட்டாளா?

அந்த வார்த்தை அவ வாயிலேருந்து வந்து ஒருத்தரும் கேட்டதில்ல. அவன் அந்த வேட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கதை கரையேறிருச்சு, மரத்த இழுத்துக் கட்டியாச்சு. நெத்தியில சிலுவை போட்டுக்கோ. யாரு மேலயாச்சும் கோவம் இருந்தா அதையும் சொல்லிட்டுக் கண்ண மூடு.

ம் சொல்ல மாட்டியா?

சரி. தூங்கு.