அந்திமந்தாரை அடிச்ச மணி

ஒரே ஒரு ஊர்ல சீனியம்மா, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரு புருசன், பேரு இருளாண்டி. ஒரு குடிசை வீடு, வீட்டு முன்னால ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு பூந்தோட்டம், அவ்வளவுதான் சொத்து. ஏய், நாரைக் காலால மிதிக்காத! பூக் கட்டுற நாரு அது. தள்ளி உக்காரு, அப்பத்தான் மேக்கொண்டு சொல்லுவேன்.

அந்தத் தோட்டத்துல வேலியோரம் சங்குப்பூ, வாசப்பக்கம் கனகாம்பரம், நட்டநடுவுல அந்திமந்தாரை. அரிசி கழுவுன தண்ணி அதுக்குத்தான், கை கழுவுன தண்ணியும் அதுக்குத்தான். பகலெல்லாம் பூ சுருங்கிக் கெடக்கும். சூரியன் மேக்க ரெண்டு பனை உசரத்துக்கு இறங்குச்சுன்னா ஒண்ணொண்ணா விரியும் பாரு, வாசம் தெருக்கோடி வரைக்கும் போகும். ஒரே செடியில ஒரு பூ ரோசா நெறம், ஒரு பூ மஞ்சள், ஒரு பூ ரெண்டையும் கலந்து தெளிச்சாப்ல இருக்கும். சீனியம்மா அடுப்பை அமத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்துருவா. வேற ஒண்ணும் செய்யமாட்டா. சும்மா பாத்துக்கிட்டு இருந்தாலே அவளுக்கு மனசு நெறைஞ்சுரும்.

ஆனா ஒரே ஒரு குறை. அவ புருசன் ஒருநாள்கூட அந்தப் பூவை வெளிச்சத்துல பாத்ததில்ல.

ஏன்னு கேளு. அவன் அரண்மனைச் செக்குக் கொட்டாயில எண்ணெய் ஆட்டுறவன். கோழி கூப்புடுறதுக்கு முன்னால இருட்டுல போவான், பொழுதடைஞ்சு இருட்டுல வருவான். லீவா? அந்தக் காலத்துச் செக்குக்கு ஏதுடா லீவு! கொட்டாய்க்கு ஒரு சன்னல் கெடையாது. உள்ள பன்னெண்டு செக்கு, பன்னெண்டு ஆளு, பன்னெண்டு மாடு, எல்லாம் அகல் வெளிச்சத்துல சுத்திக்கிட்டே கெடக்கும். சூரியன் ரெண்டு பனை உசரத்துக்கு வந்ததும் மணி அடிச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்னு ராசா கட்டளை. மணி அடிக்கிறவரு கொட்டாய்க்கு அதிகாரி, ஏகாம்பரக் காரியக்காரரு.

தை மாசம் ஒருநாள் சீனியம்மா கேட்டா. "ஏங்க, ஏன் இம்புட்டு நேரம்?"

"மணி அடிச்ச உடனே வந்துட்டேன் புள்ள. தை மாசம்ல, சூரியனுக்குக் குளிரு, சீக்கிரம் போயிட்டான்னு காரியக்காரரு சொன்னாரு."

அப்புறம் சித்திரை வந்துச்சு, அப்பவும் இருட்டுலதான் வந்தான். "ஏங்க, ஏன் இம்புட்டு நேரம்?"

"மணி அடிச்ச உடனே வந்துட்டேன் புள்ள. சித்திரை மாசம்ல, சூரியன் காஞ்சு காஞ்சு களைச்சுப் போயி சீக்கிரம் படுத்துட்டானாம்."

அப்புறம் ஆடி வந்துச்சு. "ஏங்க, ஏன் இம்புட்டு நேரம்?"

"மணி அடிச்ச உடனே வந்துட்டேன் புள்ள. ஆடிக் காத்து சூரியனைத் தள்ளிக்கிட்டே போயிருச்சாம்."

சீனியம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "அட என் மக்கு மகராசா! அவரு சொன்னா நீங்க நம்பிருவீங்களா?"

"பெரிய மனுசரு பொய் சொல்லுவாரா?" அப்படின்னான் அவன். நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே, உங்க தாத்தா, அப்படியே அவரை மாதிரி.

மறுநாள் சீனியம்மா சோத்துப் பொட்டலத்தோட ஒரு அந்திமந்தாரை மொட்டை ஈர இலையில சுத்திக் குடுத்தா. "இது பறிச்சு வச்சாலும் நேரத்துக்கு விரிஞ்சுரும். விரிஞ்சா வீட்டுக்குப் போற நேரம் ஆச்சுன்னு அர்த்தம்"னு சொன்னா. அவனும் அதைக் காதுல சொருகிக்கிட்டுச் சுத்துனான், சுத்துனான், சுத்துனான். திடீர்னு கமகமன்னு வாசம்.

"ஐயா, பூ விரிஞ்சிருச்சு, மணி அடிக்கலையா?"

"போடா, பூவுக்குப் புத்தி பேதலிச்சிருக்கும்" அப்படின்னாரு காரியக்காரரு.

மறுநாள் ரெண்டு மொட்டு கொண்டு போனான். ரெண்டும் சேந்தாப்ல விரிஞ்சுச்சு. "ரெண்டுக்குமே பேதலிச்சிருச்சு போடா"ன்னாரு.

மூணாம் நாளு பன்னெண்டு மொட்டு. பன்னெண்டு ஆளு காதுலயும் ஒவ்வொண்ணு. பன்னெண்டும் ஒரே நேரத்துல விரிஞ்சு கொட்டாயே மணத்துப் போச்சு. இருளாண்டி மாட்டை நிறுத்திட்டுக் கேட்டான், வெள்ளந்தியாத்தான் கேட்டான்: "ஐயா, பன்னெண்டு பூவுக்கும் ஒரே நேரத்துலயா புத்தி பேதலிக்கும்?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. காரியக்காரருக்கு மூக்கு மேல கோவம் வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாரு. "சுத்துங்கடா! இருளாண்டி, நாளைக்குச் சாயங்காலம் உன் குடிசையைப் பிடுங்கி, உன் பொண்டாட்டி தோட்டத்தை மாட்டை விட்டு மேச்சு, உங்களை ஊரை விட்டே துரத்துறேன் பாரு!"

ராத்திரி கதவைத் தொறந்து விட்டப்புறம் அவன் வந்து சொன்னதும் சீனியம்மா அழுதாளா? அழுதா. கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு, விடிஞ்சதும் நேரா ராசாகிட்டப் போனா.

"மகாராசா, உங்க மணி பொய் சொல்லுது. என் பூ பொய் சொல்லாது. ஒரே ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க."

நான் கண்ணால பாக்காம தீர்ப்பு சொல்றதில்லன்னு ராசாவும் அன்னிக்குச் சாயங்காலமே வந்தாரு. வந்தவரு உரல் மேல உக்காரப் போனாரு. "ஐயையோ, உரல் மேல உக்காரப்படாது மகாராசா!"ன்னு ஒரு அதட்டுப் போட்டுப் பாயை விரிச்சா. ராசான்னா என்ன, உரலு உரலுதான்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

ராசா பொறந்ததுலருந்து சும்மா இருந்ததே இல்ல. மொதல்ல காலை ஆட்டுனாரு, சீனியம்மா மொறைச்சா, நிறுத்திட்டாரு. அப்புறம் அது என்ன பூ, இது என்ன பூச்சின்னு தொணதொணன்னு கேட்டாரு. அப்புறம் கேள்வியும் நின்னு போச்சு. சங்குப்பூவுக்குள்ள ஒரு வண்டு பூந்து பின்னாலயே வெளிய வந்துச்சு, அதைப் பாத்தாரு. ஒரு ஓணான் தலையை ஆட்டுச்சு, அதைப் பாத்தாரு. அப்ப, இறுக்கிச் சுருண்டிருந்த மொட்டு ஒண்ணு மெதுவா விரிய ஆரம்பிச்சுச்சு. ராசா மூச்சே விடல.

மேக்க பாத்தாரு. சூரியன் சரியா ரெண்டு பனை உசரத்துல நிக்கிறான்.

கொட்டாய் வாசல்ல நிறுத்தியிருந்த சேவகன்கிட்ட ஆளனுப்பிக் கேட்டாரு, "மணி அடிச்சுதா?" இல்ல. கொக்கெல்லாம் கூட்டுக்குப் போச்சு, "மணி அடிச்சுதா?" இல்ல. சீனியம்மா விளக்கும் ஏத்திட்டா, "மணி அடிச்சுதா?" இப்பத்தான் மகாராசா!

ராசா விறுவிறுன்னு கொட்டாய்க்குப் போனாரு. அங்க வைக்கோலுக்குள்ள எட்டுக் குடம் எண்ணெய் ஒளிச்சு வச்சிருக்கு, மணி அடிக்காம கூடுதலா ஆட்ட வச்சு ஏகாம்பரத்து வீட்டுக்குப் போறது. ஏகாம்பரம் ஓடி வந்து, "மகாராசா, இன்னிக்குச் சூரியன் கொஞ்சம் சீக்கிரம்..."னு இழுத்தாரு.

"சீக்கிரம் போனானா? நான் கூடவே உக்காந்திருந்து வழியனுப்பி வச்சிட்டுத்தான்யா வர்றேன்!" அப்படின்னாரு ராசா.

அப்புறம் என்ன தண்டனை தெரியுமா? ஏகாம்பரமே கடப்பாரை எடுத்து மேக்குப் பக்கச் சுவர்ல பெரிய சன்னலா இடிக்கணும். அதுக்கு வெளிய அந்திமந்தாரை நட்டு, அவரே தண்ணி சுமந்து ஊத்தணும். பூ விரிஞ்ச உடனே மணி அடிக்கணும். எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம், திருடுன பொழுதுக்குப் பதிலா, மாடு இல்லாம அவரே நுகத்தைப் பிடிச்சு இருட்டுற வரைக்கும் செக்கு சுத்தணும். அப்படி அவரு ஆட்டுன எண்ணெய் அந்தப் பன்னெண்டு ஆளு வீட்டு விளக்குக்கு. மாடெல்லாம் படுத்து அசை போட்டுக்கிட்டே வேடிக்கை பாத்துச்சாம்.

சன்னல் வச்ச மொத நாளு இருளாண்டி வெயிலோட வீட்டுக்கு வந்தான். வந்தவன் வேலிப் படல்கிட்டயே நின்னுட்டான். "ஏ புள்ள, இது ரோசாவா? இது மஞ்சளா? ஒரே செடியிலயா?"ன்னு ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுக் கேட்டான். அப்புறம் நிமிந்து அவளைப் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான்.

"சீனி, உன் மூக்குத்தி செவப்புக் கல்லா?"

"கல்யாணத்தன்னிக்கே செவப்புதாங்க."

"அன்னிக்கு ஓமப் புகையில கண்ணு எரிஞ்சுச்சு, நான் எங்க பாத்தேன்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கல்யாணமாகி மூணு வருசம் கழிச்சு, மொத மொறையா ரெண்டு பேரும் பாயில உக்காந்து, இருட்டுற வரைக்கும் சும்மா இருந்தாங்க.

அடுத்தவன் பொழுதைத் திருடுறவனுக்குத் தன் பொழுதும் தங்காது, தெரிஞ்சுக்கோ. அங்க பூ விரிஞ்சுச்சு, இங்க என் சரம் முடிஞ்சுச்சு, சரத்தோட கதையும் முடிஞ்சுச்சு. எந்திரி, உன் தலையில வச்சு விடுறேன். அப்புறம் போயி அந்தச் செடிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு, அது பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காரு.