அமைதிக்குப் பேர் வாங்கிய பூசாணிபாளையம்

பூசாணிபாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்கள் அவர்கள். விமான நிலைய விஷயத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பூசாணிபாளையம் ஒரு நகராட்சி. அடுத்த நகராட்சி கருங்கல்லூர். இரண்டுக்கும் நடுவில் விமான நிலையம். விமானங்கள் இந்த ஊர்த் தலைமேல் ஏறும், அந்த ஊர்த் தலைமேல் இறங்கும்.

பூசாணிபாளையத்துக் கவுன்சிலர் துளசிமணிக்குக் கைக்குழந்தை. தொட்டிலை ஆட்டி ஆட்டிக் கை கடுத்து, பிள்ளைக்குக் கண் சொருகும் நேரமாகப் பார்த்து ஒரு விமானம் போகும். பிள்ளை வீறிட்டு அழும். துளசிமணியும் கூடவே உட்கார்ந்து அழுவாள். பாவம், அவள் தூங்கியே மாதக்கணக்காகிறது.

இந்த லட்சணத்தில் ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள், இன்னும் நிறைய விமானம் வரும் என்று சேதி வந்தது. எந்த ஊர்ப் பக்கம் நீட்டுவது? இரண்டு ஊர்த் தலைவர்களையும் விமான நிலைய அதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எங்க பக்கம் வேண்டாம்" என்றார் கருங்கல்லூர்த் தலைவர் தேவராசன்.

"எங்க பக்கமும் வேண்டாமுங்க" என்றார் பூசாணிபாளையத்துத் தலைவர் நாச்சிமுத்து.

கூடப் போயிருந்த கவுன்சிலர் குப்பண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா, நடுவுல நீட்டிரலாமுங்களே?"

அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "சத்தத்தை அளக்குற கருவி ஊருக்கு ஒண்ணு தர்றோம். ஒரு வாரம் வச்சிருங்க. ஏற்கெனவே சத்தத்துல அவதிப்படுற ஊரை மேலும் படுத்த மாட்டோம். எந்த ஊர்ல சத்தம் கம்மியோ, அந்தப் பக்கம் நீட்டிக்குவோம்."

கருவியை நாச்சிமுத்துவின் கையில் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பக்கத்துல எந்தச் சத்தமும் இல்லாம பாத்துக்கங்க. அளவு தப்பாயிரும்."

"உசிரைக் குடுத்தாச்சும் பாத்துக்கறமுங்க" என்றார் நாச்சிமுத்து.

தேவராசன் தன் கருவியைப் பேருந்து நிலையத்துக் கூரைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பூசாணிபாளையத்தார் அப்படிப் பொறுப்பில்லாதவர்களா? கருவியை நகராட்சி மண்டபத்தில் மாலை போட்டு வைத்தார்கள். மாவு மில்லை நிறுத்தினார்கள். கோயில் மணிக்குத் துணி சுற்றினார்கள். அன்றைக்கென்று ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் கன்னத்தை மட்டும் உப்பினார், தவில்காரர் காற்றிலே வாசித்தார். கெட்டிமேளம் என்று கத்த ஆளில்லாமல் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போது விமானம் வந்தது.

குப்பண்ணன் மொட்டை மாடிக்கு ஓடிச் சிவப்புத் துண்டை ஆட்டினார். விமானம் நிற்கவில்லை.

நாச்சிமுத்து அவசரக் கூட்டம் போட்டார். எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள்.

"விமானச் சத்தமும் சத்தந்தானுங்களா?"

"காதுல விழுகுதில்ல? அப்ப சத்தந்தான்."

"எந்தச் சத்தமும் வரப்படாதுன்னு சொல்லிருக்காரு. விமானத்தை மட்டும் உடலாம்னு சொல்லலியே!"

"வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறமுங்க" என்றார் குப்பண்ணன், கண் கலங்கி.

ஆக, கருவியை மெத்தையில் சுற்றினார்கள். பெட்டியில் வைத்தார்கள். ஊர்க் கோடியில் தண்ணீர் வற்றிப்போன படிக்கிணறு ஒன்று உண்டு. அதன் அடியில் பெட்டியை இறக்கி, மேலே வைக்கோல் போட்டு, கிணற்று வாயைத் தென்னங்கீற்றால் மூடினார்கள். ஒரு வாரமும் குப்பண்ணன் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு காவல் இருந்தார்.

முடிவு வந்தது. கருவியைப் பார்த்த அதிகாரி இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "இவ்வளவு அமைதியான ஊரை நான் பாத்ததே இல்ல" என்றார்.

பூசாணிபாளையத்தில் வெடி வெடித்து லட்டு கொடுத்தார்கள். ஊர் முகப்பில் 'அமைதியில் முதலிடம்' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்குப் பின்னாலேயே ஓடுபாதை போடும் வண்டிகள் வந்து நின்றன.

விமானங்கள் வரிசை கட்டிப் பறக்கத் தொடங்கின. துளசிமணி பிள்ளையோடு கூட்டத்துக்கு வந்துவிட்டாள். "முதலிடம் சரிங்க, எம்புள்ள எப்பத் தூங்கறது?"

"ஊர் அமைதியா இருக்குதுன்னு அதிகாரியே சொல்லிட்டாரே அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

"எந்த எடத்துல அமைதின்னு சொன்னாரு?"

எல்லாரும் யோசித்தார்கள். அளந்தது கிணற்றில். ஆகவே அமைதி இருப்பதும் கிணற்றில். இதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

துளசிமணி அதே மெத்தையில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கி அடியில் உட்கார்ந்தாள். மேலே ஒரு விமானம் போயிற்று. பிள்ளை அசையவில்லை. அடுத்த விமானமும் போயிற்று. பிள்ளை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு தூங்கியது. துளசிமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணை மூடிவிட்டாள்.

இதைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு தலையணையோடு மொத்த ஊரும் கிணற்றுக்குள் இறங்கியது. தலைவர் என்கிற மரியாதைக்கு நாச்சிமுத்துவுக்கு நட்ட நடுவில் இடம் கொடுத்தார்கள்.

அவர் கண்ணை மூடியதும் வந்தது பாருங்கள் ஒரு குறட்டை! நாலு சுவரிலும் முட்டி எதிரொலித்தது. வைக்கோல் பறந்தது. பிள்ளை வீறிட்டது. துளசிமணி பழையபடி அழ ஆரம்பித்தாள்.

கிணற்றுக்குள்ளேயே கூட்டம் கூடித் தீர்மானம் போட்டார்கள். விமான நிலையத்துக்கு மனு தயாரானது: 'எங்கள் ஊரில் ஒரு பயங்கரச் சத்தம். பிள்ளைகுட்டிகள் தூங்க முடியவில்லை. அது காதில் விழாமல் இருக்க, விமானங்களைக் கிணற்றுக்கு நேர்மேலே, முடிந்தமட்டும் தாழ்வாக ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

கையெழுத்து வாங்கத் தலைவரைத் தட்டி எழுப்பினார்கள். படித்துப் பார்த்த நாச்சிமுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தச் சத்தத்தை எப்படியாச்சும் கேட்டுரோணும்னு நானும் பாக்கறனுங்க. எங்கண்ணு முழிச்சதும் நின்னு போயிருது!"